உம் கொட்ட ஆள் வேண்டும்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஆட்டிசம் என்று போன வருஷம்தான் சொன்னார்கள். நன்றாகவே பேசுவாள். ஆனால் கடல் பசுவைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். வேறு ஏதாவது சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கூடப் படிக்கிற பெண்பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். கதை சொல்லப் பழக்கினால் அவளைச் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்:

பழக்கலாம், பலனும் இருக்கும். ஆனால் அவளை மட்டும் தனியே உட்கார வைத்துப் பழக்கினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். நம் பக்கத்துப் பாட்டிகள் கதை சொல்லும்போது 'உம்' சத்தம் நின்றால் தாங்களும் நிறுத்திவிடுவார்கள். "தூங்கிட்டியாடி?" என்று ஒரு கேள்வி வரும். பேத்தி மறுபடி உம் கொட்டினால்தான் ராஜா குதிரையில் ஏறுவார். உங்கள் மகள் பேசும்போது உம் கொட்ட ஆளில்லை. மற்ற பிள்ளைகள் பேசும்போது அவள் உம் கொட்டுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்ட்டன் 2012இல் ஒரு வாதத்தை வைத்தார். புரிந்துகொள்ளாமை ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இல்லை, எதிரே இருப்பவரிடமும் இருக்கிறது என்றார். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் அதைக் கதையை வைத்தே சோதித்தார்கள். எட்டுப் பேர் கொண்ட சங்கிலி. முதல் ஆளுக்கு ஒரு கதை சொல்லப்படும், அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. எட்டுப் பேருக்கும் ஆட்டிசம் இருந்த சங்கிலியில் கதை எவ்வளவு தங்கியதோ, யாருக்குமே ஆட்டிசம் இல்லாத சங்கிலியிலும் அவ்வளவு தங்கியது. இரு வகையினரும் மாறி மாறி நின்ற சங்கிலியில்தான் விவரங்கள் மளமளவென்று உதிர்ந்தன. சோதனை பெரியவர்களிடம் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் கோளாறு வாயில் மட்டும் இல்லை, வாய்க்கும் காதுக்கும் நடுவிலும் இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது.

நோவா சாசன் குழுவின் 2017 ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசுவதை வீடியோவிலோ ஒலியிலோ சில நொடிகள் கவனித்த அந்நியர்கள், இவர்களோடு பழகப் பெரிய விருப்பம் இல்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலும் முகமும் அசைவும் பழக்கமில்லாமல் இருந்ததில்தான் முகம் சுளித்திருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளிடம் இது கண்ணுக்குத் தப்பிவிடும். ஆட்டிசம் உள்ள பையன் விளையாட்டு நேரத்தில் தனியாகச் சுற்றுவான், யாரும் கண்டுபிடித்துவிடலாம். பெண்பிள்ளைகள் கூட்டத்துக்கு ஒட்டியே நிற்பதும், ஒரு கும்பலில் நுழைந்து வெளியே வந்து அடுத்ததில் நுழைவதுமாக இருப்பதை அமெரிக்கப் பள்ளிகளில் பார்த்து 2017இல் எழுதினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற டீச்சர், "அவ எல்லார் கூடவும்தான இருக்கா" என்பார். கதை சொல்லும் விதத்திலும் இதே மறைவு உண்டு. 2019இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள சிறுமிகள் 'நினைச்சா', 'தெரிஞ்சது' போன்ற மனம் சார்ந்த சொற்களை மற்றச் சிறுமிகள் அளவுக்கே பயன்படுத்தினார்கள். பொருள்களின் பெயர்களை அடுக்குவதில் மட்டும் ஆட்டிசம் உள்ள பையன்களைப் போல இருந்தார்கள். மேலோட்டமாகக் கேட்பவருக்குக் கதை சரியாகத்தான் இருப்பதுபோலத் தோன்றும்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு குறி: சேர்ந்து விளையாடுகிறாள், பக்கத்தில் நிற்கிறாள், தனியாக இருக்கிறாள். மூன்று நாள் போதும். 'பக்கத்தில்' என்ற குறி பாதிக்கு மேல் வந்தால், டீச்சர் சொல்வதைவிட அந்தத் தாளை நம்புங்கள். அவள் பார்வையில் படாத ஆள் குறிக்க வேண்டும். அம்மா போய் வேலியோரம் நின்றால் பிள்ளை அம்மாவிடம் ஓடிவந்துவிடும், கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து, கதை எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். போனில் ஐந்தாறு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: வலை கரைக்கு வருகிறது, ஒரு நண்டு சிக்கியிருக்கிறது, தங்கச்சி கை நீட்டுகிறாள், கவ்விவிட்டது, அழுகை, அப்பா விடுவிக்கிறார். படங்களை அவளிடம் மட்டும் காட்டி, படம் பார்க்காத சித்திக்கு அவள் கதையாகச் சொல்லட்டும். ரெக்கார்டு செய்யுங்கள். பிறகு சித்தி அதைத் திரும்பச் சொல்லட்டும். சித்தி எங்கே "யாரு?" என்கிறாரோ, எங்கே தடுமாறுகிறாரோ, அதுதான் அறுந்த இடம்.

பெரும்பாலும் முதல் அறுப்பு ஆள் குழப்பத்தில் இருக்கும். பேச்சுத் தமிழில் நாம் எழுவாயை விழுங்கிவிடுவோம், வினையின் முடிவே ஆளைக் காட்டிவிடும். "வந்தான், குடுத்தா" என்றால் வந்தவன் ஆண், கொடுத்தவள் பெண். ஆனால் கதையில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால்? "வந்தா, பிடுங்குனா, அழுதா, அடிச்சா." பிடுங்கியது யார், அடி வாங்கியது யார், ஒன்றும் விளங்காது. எதிரே இருப்பவர் மனதிலும் அதே படம் ஓடுகிறது என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டு பேசுகிறாள். இதற்கு ஒரே ஒரு விதி: ஆள் மாறினால் பேர் சொல்லு. தரையில் இரண்டு சிப்பி வையுங்கள், ஆளுக்கொன்று. பேரைச் சொல்லும்போது அந்தச் சிப்பியைத் தொட வேண்டும். தினம் ஐந்து நிமிடம் செய்யுங்கள். சில வாரங்களில் சிப்பி இல்லாமலே பேர் வர ஆரம்பிக்கும். வராவிட்டால் சிப்பியையே வைத்துக்கொள்ளட்டும், நஷ்டமில்லை.

இரண்டாவது, 'ஏன்' விடுபடுவது. நண்டு கவ்வியது, தங்கச்சி அழுதாள், அப்பா வந்தார் என்று முத்து முத்தாக இருக்கும், கோத்த நூல் இருக்காது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் 'ஏன்னா' கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும். கதைக்கு ஒரே ஒரு 'ஏன்னா' போதும், அதுவும் யாராவது அழும் இடத்திலோ கோபப்படும் இடத்திலோ.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கார்ட்டூனில் பார்த்ததையும் பாட்டி சொன்னதையும் தனக்கு நடந்ததுபோலவே சில பிள்ளைகள் சொல்வார்கள். கூட இருக்கிற பிள்ளைகள் "பொய் சொல்றா" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த முத்திரை அழிய வருஷக்கணக்காகும். இதற்குத் தமிழே ஒரு கருவி வைத்திருக்கிறது. கண்ணால் பார்த்தது 'போனா'. கேட்டதும் கற்பனையும் 'போனாளாம்'. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்' என்பதில் இருக்கிற அந்த 'ஆம்' ஒட்டைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். விதி தெளிவாக இருப்பதால் இந்தப் பிள்ளைகள் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நிறுத்தத் தெரியாததற்கும் பழைய மருந்து உண்டு. 'கதை முடிஞ்சுதாம், கத்தரிக்கா காச்சுதாம்.' முடிவு எங்கே என்று ஊகிக்கச் சொன்னால் அவளுக்குக் கஷ்டம். சொல்லி முடிக்க ஒரு வாய்பாடு கொடுத்தால் நிம்மதி. கேட்கிற பிள்ளைகளும் அது வரும் என்று தெரிந்தால் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது கடல் பசுவுக்கு, நம் பக்கத்துப் பேச்சில் ஆவுளியாவுக்கு, வருவோம். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவள் கையில் இருக்கிற ஒரே சொத்து அது. அளவு மட்டும் போடுங்கள்: மூன்று சேதி, ஒரு கேள்வி. 'ஆவுளியா ஒரு மீன் அல்ல, குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சு விட மேலே வரும். கடல் புல்லைத்தான் மேயும். உங்க அப்பா பாத்திருக்காரா?' மற்ற ஊரில் இந்தக் கேள்வி செல்லுபடியாகாது. மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பாதி வகுப்பின் அப்பாமாரோ தாத்தாமாரோ கடலுக்குப் போனவர்கள். அம்மாமார் பாசி எடுக்கப் போகிறவர்கள். "எங்க தாத்தா பாத்திருக்காரு" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், அங்கே உங்கள் மகள் கேட்பவளாகிவிடுகிறாள். கேட்கப் பழகுவது அந்த இடத்தில் ஆரம்பமாக வேண்டும்.

கேட்பதற்கு 'கண்ணைப் பார்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். கண்ணைப் பார்க்கிற வேலையே அவள் கவனத்தை எல்லாம் தின்றுவிடும், கதை காதில் ஏறாது. கைக்குச் சிப்பி பிரிக்கிற வேலை கொடுங்கள், பார்வை கையில் இருக்கட்டும். சொல்கிறவள் நிறுத்துகிற இடத்தில் 'உம்' மட்டும் வரட்டும். குரல் வராத நாளில் ஒரு டம்ளரில் சோழி போட்டால் போதும், 'டிங்' சத்தமே உம். இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது விதியாக்குங்கள். அவளுக்கு மட்டும் டம்ளர் என்றால் அது அடையாளமாகிவிடும்.

குரல் ஏற்ற இறக்கத்தையும், சில பிள்ளைகளுக்கு வரும் புத்தகத் தமிழையும் ('நான் மிகவும் கோபமாக இருக்கிறேன்' என்பதுபோல்) திருத்தப் பலர் துடிப்பார்கள். விட்டுவிடுங்கள் என்பேன். கேலி வரத்தான் செய்யும், அதைக் கேலி செய்கிறவரிடம் பேசித் தீர்க்க வேண்டும். குரலையும் முகத்தையும் பிடித்து மாற்றினால் அது வேஷம். பகல் முழுக்க வேஷம் கட்டுகிற பிள்ளை சாயங்காலம் வீட்டு வாசலில் பையை எறிந்து கத்தும். 'ஸ்கூல்ல தங்கமா இருக்காளே, வீட்லதான் இப்படி' என்பதற்குப் பொருள் பெரும்பாலும் இதுதான். வேஷம் அதிகம் கட்டுகிறவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாகக் காணப்படுகின்றன என்று வளர்ந்தவர்களிடம் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. பள்ளிவிட்டு வந்ததும் அரைமணி நேரமாவது யாரும் கேள்வி கேட்காத நேரமாக இருக்கட்டும். 'இன்னைக்கு யார் கூட விளையாண்ட?' என்பதும் அப்போது கேள்விதான்.

இனி மறுபாதி, கூடப் படிக்கிற பிள்ளைகள். கோனி கசாரி குழுவினர் 2012இல் 60 பிள்ளைகளிடம் ஓர் ஒப்பீடு செய்தார்கள். வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம், ஆறு வாரம். ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தனியே பழக்கியதைவிட, கூடப் படிக்கிற மூன்று பிள்ளைகளைப் பழக்கியதுதான் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் எழுதிய தோழமைப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பேர் கூடியது, மைதானத்தில் தனித்திருப்பது குறைந்தது. அந்த 60 பேரில் பெரும்பாலோர் பையன்கள். ஆனாலும் அந்த அளவையே எடுத்துக்கொள்ளலாம்: 12 அமர்வு, இருபது இருபது நிமிடம். டீச்சரோ வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரோ நடத்தலாம்.

மூன்று பிள்ளைகளை எப்படித் தேர்வது? வகுப்புத் தலைவி வேண்டாம். அவள் ஒரே வாரத்தில் சின்ன டீச்சராகி, 'அப்படிச் சொல்லாத, இப்படி உக்காரு' என்று ஆரம்பித்துவிடுவாள். உதவி செய்கிறவள் வேறு, தோழி வேறு. வகுப்பில் எல்லாரிடமும் ஒரு சீட்டில், 'மதியம் யார் கூட விளையாடுவே? மூணு பேர் எழுது' என்று கேளுங்கள். உங்கள் மகளின் பேரை ஒருத்தி எழுதியிருந்தால் அவள்தான் முதல் ஆள். அடுத்தவள், அதே தெருவில் இருந்து நடந்து வருகிறவள். மூன்றாமவள் அமைதியானவளாக இருக்கட்டும், அவளுக்கும் ஆள் தேவைப்படும். மூன்றாம் வாரம் முடிந்ததும் ஒருத்தியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நால்வரும் தனித் தீவாகிவிடுவார்கள்.

முதல் நான்கு அமர்வில் கதை வேண்டாம், பை போதும். துணிப்பையில் சங்கு, மிதவைத் துண்டு, நைலான் கயிறு, பழைய டார்ச்சு, ஒற்றைச் செருப்பு. கை விட்டு ஒன்றை எடுத்து, அது யாருடையது, எங்கே கிடந்தது, எப்படி அங்கே வந்தது என்று மூன்று வாக்கியம். மற்ற மூவரும் உம். அடுத்த நான்கில் தொடர்கதை: ஒருத்தி ஒரு வாக்கியம், அடுத்தவள் ஒரு வாக்கியம், 'ஆள் மாறினால் பேர் சொல்லு' விதியோடு. இங்கே ஒரு தகராறு வரும். கதை தான் நினைத்த பக்கம் போகவில்லை என்று உங்கள் மகள் கோபப்படுவாள். "இது நாலு பேர் கதை. உன் கதை வெள்ளிக்கிழமை" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிக் கோபம் குறையும். சொன்னபடி வெள்ளிக்கிழமை அவள் கதைக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பதாவது அமர்விலிருந்து அவள் சொல்ல மற்றவர்கள் நடிக்கட்டும். இந்தப் பகுதியில்தான் பெரிய மாற்றத்தைப் பார்க்கலாம். கதை சொல்கிறவள் இயக்குநர். ஆவுளியாவாக யார், வலையாக யார், படகாக யார் என்று பிரிப்பது அவள் வேலை. அவளுக்கு விதி பிடிக்கும், மற்றவர்களுக்கு வேஷம் பிடிக்கும். சொல்லாமல் விட்ட இடத்தில் நடிக்கிறவர்கள் திகைத்து நிற்பார்கள்: "இப்ப நான் என்ன பண்ணணும்?" பெரியவர் திருத்தினால் குத்தும், கதையே கேட்கிற இந்தக் கேள்வி குத்தாது. அடுத்தடுத்த அமர்வுகளில் அவரவர் மற்றவர் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும். தன் ஆவுளியா கதையை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்பது அவளுக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை அவள் முகம் காட்டாமல் போகலாம். அதற்காக 'சிரி' என்று சொல்லாதீர்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. விளையாட்டுப் பீரியடை இதற்கு எடுத்தால் மூன்று பிள்ளைகளும் அவளைத்தான் வெறுப்பார்கள், மதிய உணவுக்குப் பின் உள்ள நேரத்தை எடுங்கள். மிட்டாய் கொடுத்து உட்கார வைத்தால் மிட்டாய் நிற்கிற அன்று அவர்களும் நின்றுவிடுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரத்தடி சரிப்படாது, காதில் காற்றிரைச்சல்தான் நிற்கும், சுவரோரம் போங்கள். பெரியவர் நடுவில் புகுந்து திருத்தக் கூடாது. இவ்வளவும் நன்றாகப் போகும்போது யாராவது 'ஆண்டு விழாவில் மேடை ஏற்றலாமே' என்பார்கள். வேண்டாம். மைக், கைதட்டல், முந்நூறு பேர். அது அவளுக்கான இடமா என்று அவளிடம் முதலில் கேளுங்கள்.

வகுப்பில் ஆட்டிசம் என்று சொல்லலாமா? ஆட்டிசம் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் சொன்னால் முதல் எண்ணம் மேம்படுகிறது என்று 2019இல் சாசனும் மாரிசனும் காட்டினார்கள். வெறும் பேரை மட்டும் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டால் அந்தப் பலன் குறையலாம். நம் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊரே சொந்தம், பேச்சு கல்யாணப் பேச்சுவரை போய்விடும் என்று பயப்படுவார்கள். பேய், மனநோய் என்று ஆட்களைக் கொண்டுபோய் வைக்கிற தர்கா ஊர் ஏர்வாடி. 'ஏர்வாடியில கொண்டுபோய் வச்சுப் பாரேன்' என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஆட்டிசம் பேயும் இல்லை, மனநோயும் இல்லை, மூளை வளர்ந்த விதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினால் அதை நினைவுபடுத்துங்கள். வகுப்பைப் பொறுத்தவரை நான்காம் வகுப்புக்குப் பேர் தேவையில்லை, விவரம் போதும்: 'இவளுக்குச் சத்தம் நம்மைவிடப் பெரிசாக் கேக்கும். பாக்காமலே கேப்பா. பேர் சொல்லிக் கூப்பிட்டு, அஞ்சு எண்ணிட்டு மறுபடி கூப்பிடுங்க.' அவள் சம்மதித்தால் மட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளில், விசைப்படகுக்குப் போகிற அப்பா வீட்டில் இருப்பார். அது கோடை விடுமுறையோடும் சேர்ந்து வரும். அவளுக்குப் பள்ளி நேரமும் இல்லை, வீட்டு நேரமும் மாறிவிட்டது, இரட்டைக் குழப்பம். காலண்டரில் நாளைக் கட்டம் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அப்பா ஒரு கடல் கதை சொல்லட்டும், அந்த மூன்று தோழிகளில் ஒருத்தியை வரவழைக்கட்டும். மூவரையும் ஒரே நாளில் வரவழைக்க வேண்டாம், மூவரும் தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள், இவள் பழையபடி பக்கத்தில் நிற்பாள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் வேறு சிக்கல் வரும். பாண்டியும் தட்டாங்கல்லும் போய், பெண்பிள்ளைகளின் நட்பு பேச்சிலேயே நடக்கும், அதிலும் பாதி ரகசியம். ஒருத்தி காதில் சொன்னதை இவள் வகுப்பில் உரக்கச் சொல்லிவிட்டால் நட்பு அன்றோடு முறியும். எது எல்லாருக்கும், எது தோழிக்கு மட்டும், எது அம்மாவுக்கு மட்டும் என்று மூன்று வட்டம் வரைந்து, உதாரணங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பழக்குங்கள். கூடவே ஒரு கண்டிப்பான விதி: பெரியவர் யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே' என்றால், அதை முதலில் சொல்ல வேண்டியது அம்மாவிடம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். 

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஒன்று. சான்றிதழுக்கு ஐசா (ISAA) என்ற 40 கேள்வி அளவுகோல். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம். நன்றாகப் பேசுகிற பிள்ளையைப் பள்ளியில் பார்த்து மதிப்பிட்டால் எண் குறைந்து வரும். வீட்டில் சாயங்காலம் நடப்பதைத் தேதிபோட்டு எழுதி எடுத்துப்போங்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள், குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று வந்தால் அதை வைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மற்ற உதவிகளைக் கேட்கலாம். நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

ஒவ்வொரு ஜூனிலும் புது டீச்சருக்கு ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். எந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது, எங்கே உட்கார வைக்க வேண்டும், போன வருஷத் தோழிகள் யார், எந்த மூன்று விதி அவளுக்குத் தெரியும். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: 'ஆவுளியா பற்றி ஆரம்பித்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்ல வேண்டாம், மூன்று சேதி சொல்லி ஒரு கேள்வி கேட்பாள், அதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள்.'